சாராய ராஜாவின் ஊரில், மாமனாரோடு

அக்டோபர் 9, வியாழன் – வெஸ்டர்வில்

மாமா அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் வந்து இறங்கியதிலிருந்து அவரை எங்கே கூட்டிப்போவது என்பதே வீட்டில் பேச்சு. நயாகராவைக் காட்டினோம். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, டிக்கெட் விலையைக் கேட்டு அரை மணி நேரம் புலம்பினார். இவருக்கு இயற்கைக் காட்சி ஒத்துவராது, கேஸ் கட்டு இருக்கிற இடமாகத்தான் போகவேண்டும் என்று அன்றே புரிந்துவிட்டது.

மாமா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். 1974இல் தமிழ்நாட்டில் மறுபடி மதுவிலக்கு வந்தபோது, கல்வராயன் மலையில் ஊறல் பானைகளை உடைத்துக்கொண்டு திரிந்த இளம் வயதுக்காரர்களில் ஒருவர். அவரிடம் ஜார்ஜ் ரீமஸ் கதையைச் சொன்னேன். 1920களில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்திலுள்ள சின்சினாட்டியில் உட்கார்ந்துகொண்டு, சட்டப்புத்தகத்தைக் கையில் வைத்தே சரக்கு விற்ற வக்கீல். மாமா டிவியை அணைத்தார். அந்த ஊருக்கே போகலாம் என்று முடிவாயிற்று.

கிளம்புவதற்கு முன் பக்கத்திலேயே இருக்கும் வெஸ்டர்வில்லுக்கு இன்று ஒரு நடை. கொலம்பஸை ஒட்டிய அமைதியான ஊர். மதுவிலக்குக்காகப் போராடிய ஆன்டி-சலூன் லீக் 1909இல் இங்கேதான் தலைமையகத்தைக் கொண்டுவந்து, அச்சகமும் வைத்து, துண்டுப் பிரசுரங்களை டன் கணக்கில் நாடு முழுக்க அனுப்பியது. நூலகத்தோடு சேர்ந்த சின்ன அருங்காட்சியகத்தில் அந்தப் பிரசுரங்களும் சுவரொட்டிகளும் இருக்கின்றன. குடிகார அப்பா, கிழிந்த உடையில் குழந்தைகள். நம்மூர்ச் சுவர்களிலும் இதே படங்களைப் பார்த்திருக்கிறேன்.

1875இல் இந்த ஊரில் ஒருவர் சாராயக்கடை திறந்தார். ஊர்க்காரர்கள் கூடி ஜெபம் செய்தார்கள், பாட்டுப் பாடினார்கள், கடைசியில் வெடிமருந்து வைத்துக் கடையைத் தகர்த்துவிட்டார்கள். அவர் நான்கு வருடம் கழித்துத் திரும்பவும் ஒரு கடை போட, அதற்கும் வெடி. மாமா இதைக் கேட்டதும் "எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா?" என்றார். அங்கிருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே, ஊரில் மறுபடி சட்டப்படி பீர் விற்றது 2006இல்தான் என்றார். நாடே 1933இல் மதுவிலக்கைக் கைவிட்டுவிட்டது, இந்த ஊர் இன்னும் எழுபது வருடத்துக்கு மேல் பிடிவாதமாக இருந்திருக்கிறது.

வெளியே வெயில் இருபத்திரண்டு டிகிரி. மேப்பிள் மரங்கள் பாதி சிவந்து பாதி பச்சையாக நின்றன. காபி நாலேமுக்கால் டாலர். மாமாவிடம் விலையைச் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி – சின்சினாட்டி

காலையில் நெடுஞ்சாலை 71இல் தெற்கே கிளம்பினோம். இருபுறமும் அறுவடைக்கு நிற்கும் சோளம், நடுவில் 'நரகம் உண்மை' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. இந்த வழியில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலகைதான். மாமா மட்டும் சாராயம் சம்பந்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நம்பினார்.

பாதி வழியில் வாஷிங்டன் கோர்ட் ஹவுஸ் என்ற ஊருக்குப் பிரியும் சாலை வரும். அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஹாரி டாஹர்ட்டி அந்த ஊர்க்காரர். அவருடைய நிழல்போல் இருந்த ஜெஸ் ஸ்மித்தும் அங்கேயே துணிக்கடை நடத்தியவர். தன்மேல் வழக்கு வராமல் பார்த்துக்கொள்ள ஸ்மித்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாக ரீமஸ் 1924இல் செனட் விசாரணையில் சாட்சி சொன்னார். அதற்கு முந்தைய வருடமே ஸ்மித் துப்பாக்கியால் சுட்டுச் செத்துப்போயிருந்தார்.

"மாமூல் வாங்கினவன் செத்துட்டான், கொடுத்தவன் சாட்சி சொல்றான்" என்று மாமா தலையாட்டினார். "மேலே இருக்கறவனுக்கு எப்பவும் ஒண்ணும் ஆகாது."

மதியம் ஊருக்குள் நுழைந்ததும் பசி. சின்சினாட்டி சில்லி சாப்பிடாமல் திரும்பினால் குற்றம் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீள்வட்டத் தட்டில் ஸ்பகெட்டி, அதன்மேல் தண்ணியாக ஒரு கறிக்குழம்பு, அதன்மேல் மஞ்சள் சீஸைப் பூத்துருவல்போல மலையாகக் குவித்து வைத்துவிடுகிறார்கள். இது 'த்ரீ-வே'. வெங்காயமோ பீன்ஸோ சேர்த்தால் 'ஃபோர்-வே', இரண்டும் என்றால் 'ஃபைவ்-வே'. குழம்பில் மிளகாய் காரம் பெரிதாக இல்லை. பட்டை வாசனைதான் தூக்கலாக வருகிறது. நான் மூன்று வாய் வரை குழம்பிப்போயிருந்தேன், நாலாவதில் பிடித்துவிட்டது. மாமா மாட்டுக்கறி சாப்பிடுவார், டிபார்ட்மென்டில் பழகினதாம். மனைவி மட்டும் கறுப்பு பீன்ஸும் சோறும் போட்ட சைவத் தட்டு. மூவருக்கும் டிப்ஸோடு முப்பத்தைந்து டாலர். பரிமாறிய அம்மாள் எங்கள் மூவரையும் 'ஹன்', அதாவது 'கண்ணு' என்றே கூப்பிட்டார். மாமாவுக்கு ஒரே வெட்கம்.

இந்தச் சில்லியே மதுவிலக்குக் காலத்துச் சரக்குதான். மாசிடோனியாவிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் 1922இல் எம்ப்ரஸ் என்ற நாடகக் கொட்டகை ஓரத்தில் கடை போட்டு ஆரம்பித்தது.

சாயங்காலம் ஓவர்-த-ரைன் பகுதி. ஜெர்மானியர்கள் குடியேறிக் கட்டிய செங்கல் வீடுகள், உயரமான ஜன்னல்கள். டிராம் வண்டி இலவசம் என்பதை மாமா நம்பவேயில்லை, டிக்கெட் மெஷினைத் தேடிக்கொண்டே வந்தார். இந்தத் தெருக்களுக்கு அடியில், பீரைக் குளிர்ச்சியாக வைக்கத் தோண்டிய நிலவறைகள் இருக்கின்றன. ஒன்றைக் காட்டுகிறார்கள். செங்குத்தான படி, ஈரச் சுவர், மேலே இருந்த வெயிலெல்லாம் மறந்துபோகும் குளிர். இவ்வளவு பெரிய பீர்த் தொழில் ஒரே அடியில் விழுந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் மேல் வந்த வெறுப்பும் மதுவிலக்குக்குத் துணை நின்றது என்று கூட்டிப்போன இளைஞர் சொன்னார். போர்க்காலத்தில் இங்கே தெருப் பெயர்களையே மாற்றினார்கள். பிரெமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது இப்படித்தான்.

எனக்கு இங்கேதான் ரீமஸின் கெட்டிக்காரத்தனம் சரியாகப் பிடிபட்டது. பீர் ஆலைக்காரர்கள் கடையை மூடினார்கள். ஆனால் விஸ்கியை டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் வாங்கலாம், பத்து நாளைக்கு ஒரு பைன்ட், கிட்டத்தட்ட அரை லிட்டர். பீருக்கு அந்த வழியையும் 1921இல் இன்னொரு சட்டம் போட்டு அடைத்துவிட்டார்கள். சிகாகோவில் பல வருடம் வக்கீலாக இருந்த ரீமஸ் அதற்கு முன் மருந்துக்கடைக்காரர். சட்டமும் தெரியும், மருந்தும் தெரியும். நாட்டில் பூட்டி முத்திரை வைத்திருந்த போர்பன் விஸ்கியில் பெரும்பகுதி சின்சினாட்டியைச் சுற்றி முந்நூறு மைலுக்குள் கிடந்தது. மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, ஆலைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார், மருந்துக் கம்பெனிகளையும் வாங்கினார். ஆலையிலிருந்து மருந்துக் கம்பெனிக்கு பர்மிட்டோடு சரக்கு கிளம்பும். வழியில் கொள்ளை போகும். கொள்ளையடிப்பவர்களும் அவர் ஆட்களே.

நிலவறையை விட்டு ஏறி வந்தும் மாமா இதையே பேசிக்கொண்டிருந்தார். "சரக்கு அவனுது, லாரி அவனுது, கொள்ளைக்காரனும் அவன் ஆளு. புகார் கொடுக்க யார் இருக்கா சொல்லுங்க? நாங்க மலையில பானையை உடைச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். இவன் ஆபீஸ் போட்டு நடத்தியிருக்கான்." குரலில் லேசான மரியாதை தெரிந்தது. மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "பொண்டாட்டியச் சுட்டவன்ப்பா" என்றாள். "அதுக்கு நாளைக்குப் போறோம்ல" என்று நான் இடையில் புகுந்தேன்.

அக்டோபர் 11, சனி – சின்சினாட்டி

விடிகாலை இரண்டரை மணிக்கு ஓட்டலில் தீ எச்சரிக்கை மணி. ஏழாவது மாடியிலிருந்து படியில் இறங்கி எல்லோரும் நடைபாதையில். ஐந்து டிகிரி குளிர். மாமா வேட்டியும் குரங்குக் குல்லாவுமாக நின்றார். பக்கத்தில் குளியல் அங்கியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ஒன்றும் கேட்காமல் தன் தோளிலிருந்த போர்வையை எடுத்து மாமாவுக்குப் போர்த்திவிட்டார். பேச்சுக் கொடுத்ததில், அவர் பிரைஸ் ஹில் பகுதியில் வளர்ந்தவர், உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். ரீமஸின் மாளிகை இருந்ததும் பிரைஸ் ஹில்தான். பெயரைச் சொன்னதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

தீயணைப்பு வண்டி வந்து போகும்வரை கதை ஓடியது. மாளிகைக்குள் பளிங்கில் நீச்சல் குளம் கட்டினாராம். அதைத் திறந்த புத்தாண்டு விருந்தில் ஆண்களுக்கெல்லாம் வைரம் பதித்த ஊசி. இன்னொரு விருந்தில் வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் வாசலில் ஒரு புது கார். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் நூறு டாலர் நோட்டு. இத்தனைக்கும் மனிதர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கமாட்டாராம். தன்னைப் பற்றிப் பேசும்போதுகூட 'நான்' என்று சொல்லாமல் 'ரீமஸ் இதைச் செய்தான், ரீமஸ் அதை நினைக்கிறான்' என்றே பேசுவாராம். சின்ன வயதில் பிரைஸ் ஹில் பையன்கள் எல்லோரும் கொல்லையில் பாட்டில் கிடைக்கும் என்று தோண்டிப்பார்த்திருக்கிறார்கள்.

"என்ன கார்?" என்று மாமா கேட்டார். விசாரணை ஆரம்பித்துவிட்டது. "1923 மாடல் பான்டியாக்" என்றார் பெரியவர் சட்டென்று. மனைவி போனில் தட்டிப் பார்த்தாள். பான்டியாக் என்ற பெயரில் கார் சந்தைக்கு வந்ததே 1926இல்தான். என் காதில் மட்டும் சொன்னாள். போர்வை கொடுத்த மனிதரிடம் அதைப்போய்ச் சொல்வார்களா என்ன. நாலாவது மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்களாம். அறைக்குத் திரும்பும்போது மணி மூன்றரை.

காலைச் சாப்பாட்டுக்கு கெட்டா. பன்றிக்கறியையும் ஓட்ஸையும் சேர்த்துக் கட்டியாக்கி, வில்லை போட்டு, வெளியே மொறுமொறுவென்று வரும்வரை கல்லில் வறுக்கிறார்கள். ஜெர்மானிய ஏழைகள் கறியை நீட்டிக்கக் கண்டுபிடித்த வழி. சூடாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது, ஆறினால் வேண்டாம்.

அப்புறம் ஈடன் பார்க். மேடான பூங்கா, கீழே ஒஹையோ ஆறு, எதிர்க்கரையில் கென்டக்கி. உள்ளே ஒரு ஆழமில்லாத குளம், அதன் அருகில் 1904இல் கட்டிய எட்டுப்பட்டை மண்டபம். கூரையில் சிவப்பும் பச்சையுமாக வேலைப்பாடு.

ரீமஸ் 1924 ஜனவரியில் அட்லாண்டா சிறைக்குப் போனார், இரண்டு வருட தண்டனை. சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை மனைவி இம்மொஜினிடம் கொடுத்திருந்தார். இம்மொஜினுக்கும், வழக்கில் துப்புத் துலக்கிய ஃபிராங்க்ளின் டாட்ஜ் என்ற மதுவிலக்கு அதிகாரிக்கும் பழக்கம் உண்டாயிற்று. இருவருமாகச் சேர்ந்து சொத்தைக் காலி செய்தார்கள் என்பது ரீமஸ் தரப்பு. இம்மொஜின் விவாகரத்து கேட்டார். 1927 அக்டோபர் 6 அன்று காலை அந்த வழக்குக்காக மகள் ரூத்தோடு டாக்சியில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ரீமஸ் தன் காரில் துரத்தி வந்து இந்தப் பூங்காவுக்குள் டாக்சியை மறித்தார். இம்மொஜின் இறங்கி ஓடினார். மகளும் வழியில் போனவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வயிற்றில் சுட்டார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

நாங்கள் போன நேரம் மண்டபத்தில் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் வெள்ளை கவுனை நாலு தோழிகள் இழுத்துப் பிடிக்க, காற்றில் அது மண்டபத்தின் தூணில் சுற்றிக்கொண்டது. போட்டோகிராபர் மாமாவைப் பார்த்து, படத்தில் விழுகிறீர்கள், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார். மாமா நகராமல் குளக்கரைச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்சி எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும், ஓடினால் எங்கே மறைவு கிடைத்திருக்கும் என்று தனக்குள் கணக்குப் போட்டார். "மறைவே இல்லம்மா" என்றார் மகளிடம். காலையில் எழுந்ததிலிருந்து அவர் ரீமஸைப் புகழவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கறுப்பு உடையில் இம்மொஜின் ஆவி இந்தக் குளக்கரையில் நடமாடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். கணவனுக்கு வைர ஊசி, கார், பளிங்குக் குளம் என்று கதை. மனைவிக்கு ஒரு பேய்க்கதை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் கோர்ட் கட்டடம் பக்கம் நடந்தோம். பெரிய சாம்பல் தூண்கள், சனிக்கிழமை என்பதால் பூட்டு. ரீமஸ் தனக்குத் தானே வாதாடினார். தற்காலிகமாகப் புத்தி பேதலித்துவிட்டது என்பதுதான் வாதம். இதே வாதத்தை 1914இல் சிகாகோவில், மனைவியைக் கொன்ற ஒரு கட்சிக்காரருக்காக அவரே ஓட்டிப்பார்த்திருக்கிறார். அந்த ஆள் தூக்கிலிருந்து தப்பினார். எதிரே அரசு வக்கீல், ஜனாதிபதியாக இருந்த டாஃப்டின் மகன் சார்லஸ். ஜூரி பத்தொன்பது நிமிடத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டது. பைத்தியம் என்பதால் லைமா மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும், எனக்குப் பைத்தியமே இல்லை என்று மனுப் போட்டார். ரீமஸ் தெளிவாகத்தான் இருந்தார் என்று வழக்கில் அரசுத் தரப்பு டாக்டர்கள் சொன்ன சாட்சியம் அவருக்கே உதவிற்று. 1928இல் வெளியே வந்துவிட்டார்.

"பத்தொன்பது நிமிஷத்துல பஞ்சநாமாகூட எழுத முடியாது" என்றார் மாமா.

பிரைஸ் ஹில்லில் ஹெர்மோசா அவென்யூ. மாளிகையை முப்பதுகளிலேயே இடித்துவிட்டார்கள். இப்போது சாதாரண வீடுகள், ஹாலோவீனுக்காகப் புல்வெளியில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள். பார்க்க ஒன்றுமில்லை. ராத்திரி கிரேட்டர்ஸில் பிளாக் ராஸ்பெர்ரி ஐஸ்கிரீம், உள்ளே சாக்லேட் கட்டிகள் விரல் நகம் அளவுக்குத் தட்டுப்பட்டன. இந்தப் பயணத்தில் மாமா ஒரு பொருளின் விலையைக் கேட்காமல் சாப்பிட்டது இது ஒன்றைத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு – ஃபால்மத், கவிங்டன்

காலையில் மேகமூட்டம். ரோப்ளிங் பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்தோம். 1866இல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான தொங்குபாலம். நடுவில் கம்பி வலை போட்ட தரை, கார் போகும்போதெல்லாம் தேனீக் கூட்டம் போல இரைச்சல். மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வந்து காரை எடுத்து, கென்டக்கிக்குள் நெடுஞ்சாலை 27 பிடித்து ஃபால்மத் போனோம்.

லிக்கிங் ஆற்றின் இரண்டு கிளைகள் சேருமிடத்தில் சின்ன ஊர். 1997 வெள்ளத்தில் ஊரே மூழ்கியது. பெட்ரோல் போட்ட இடத்தில் கடைக்காரப் பெண், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கையை உயர்த்திக் காட்டினாள், எட்டவில்லை. ரிவர்சைட் கல்லறைத் தோட்டத்தில் ரீமஸின் கல்லைத் தேடும்போது தூறல் பிடித்துக்கொண்டது. புல் வெட்டும் வண்டியில் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும், கேட்காமலே "ரீமஸா?" என்று கையைக் காட்டினார். நிறையப் பேர் வருவார்கள்போல.

கடைசிக் காலத்தில் அவர் கவிங்டனில் சத்தமில்லாமல் வாழ்ந்து 1952 ஜனவரியில் இறந்தார். பழைய சாம்ராஜ்யத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மாமா கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு "சரி, போலாம்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மழை வலுத்தது. வைப்பரில் ஒன்று வேலை செய்யாமல் நடுவிலேயே நின்றுகொண்டது. அதுவும் ஓட்டுகிற பக்கத்து வைப்பர். மலைப்பாதையில் இருபது மைலை ஒரு மணி நேரம் ஊர்ந்தோம்.

கவிங்டனில் வைப்பர் வாங்கிப் போட்டபின், பக்கத்திலிருந்த மதுக்கடைக்குள் மாமா தாமாகவே நுழைந்தார். கண்ணுக்கு நேர் தட்டில் ஜார்ஜ் ரீமஸ் போர்பன். பக்கத்து இந்தியானா மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் ஆலையில் காய்ச்சுகிறார்கள். நாற்பத்தைந்து டாலர் சொச்சம். சட்டத்தை ஏமாற்றி விற்றவன் பெயரில் இன்று சட்டப்படி வரி கட்டி விற்பனை. மாமா பாட்டிலைக் கையிலெடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளை முன்னும் பின்னும் படித்தார்.

கல்லாவில் காதில் வளையம் போட்ட பையன் ஒருவன். அவனிடம் தன் நிதானமான இங்கிலீஷில் கேட்டார்: "இம்மொஜின் பேர்ல ஏதாவது இருக்கா தம்பி?"

பையன் முகத்தைச் சுளிக்கவில்லை. எழுத்தைக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தான். திரையை மேலும் கீழும் உருட்டினான். "ஒயினா, சார்?" என்றான். இல்லை என்றார் மாமா. இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே இல்லை, வேண்டுமானால் விநியோகஸ்தரிடம் கேட்டுச் சொல்கிறேன், போன் நம்பர் கொடுங்கள் என்றான். மாமா என் நம்பரைக் கொடுத்துவிட்டார். ஒரு பாக்கெட் உப்புக்கடலை மட்டும் வாங்கினோம், இரண்டு டாலர் இருபது சென்ட்.